தேனீக்களிடம் சொன்ன பெயர்

பெல் சந்து, பிரிஸ்டல்
மார்ச் 4, 1887

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆடுகள் குட்டி போடும் காலம், உனக்குத் தலை சொறியக்கூட நேரம் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் தொந்தரவு செய்கிறேன். தம்பி என்று ஒருவன் வேறு எதற்கு இருக்கிறான்?

அகராதி அலுவலகத்தில் எனக்கென்று ஒரு சொல்லை ஒதுக்கிவிட்டார்கள். வாயில் நுழையாத சொல் என்று நினைக்காதே. ‘டெல்’. பால்காரன் முதல் பாதிரியார் வரை நாள் முழுக்க மெல்லுகிற சொல். எங்கள் தலைவர் லேன்யன், அந்தச் சொல் வரும் வாக்கியங்களை எழுதிய சீட்டுக் கட்டை என் மேசையில் வைத்துவிட்டு, “சின்னச் சொல்லுதானேன்னு சிரிக்காதீங்க பிடக். பெரிய சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கும். இந்த மாதிரி வீட்டுச் சொல்லுதான் ஆளைக் கொல்லும்” என்றார்.

‘சொல்வது’ என்று ஒரு பொருள் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கட்டைப் பிரித்தால் வால் நீண்டுகொண்டே போகிறது. புத்தகத்தில் இருப்பதெல்லாம் இங்கே வந்துவிட்டது. ஆர்ல்கோட்டில் நம் ஜனங்கள் பேசுவதுதான் இல்லை. காதில் விழுவதைச் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி அனுப்பு.

ஜனவரியில் அப்பாவுக்கு எழுதினேன். பண்ணையை ஏற்க வரமாட்டேன், இதுதான் என் வேலை என்று. பதிலே இல்லை. திட்டியாவது ஒரு வரி எழுதச் சொல்.

உன் பிரியமுள்ள தம்பி,
ஆம்ப்ரோஸ்


ஆர்ல்கோட்
ஏப்ரல் 2

அகராதிக்காரத் தம்பிக்கு,

நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மார்பில் கம்பளி போட்டுக்கொள்கிறாயா?

அப்பா எழுதமாட்டார் ஆம்ப்ரோஸ். பிப்ரவரியில், தேனீ வளர்க்கிற வைக்கோல் கூடைகளுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. வீட்டுச் சாவி இப்போது என் இடுப்பில்தான் தொங்குகிறது. முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதினால் கிளம்பி வந்துவிடுவாய் என்றுதான் எழுதவில்லை. இப்போதும் வராதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் சொல்லுக்கு வருவோம். அந்தியில் பட்டி வாசலில் நின்று ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுகிறோமே, அந்த எண்ணிக்கைக்கும் ‘டெல்’தான். மில்லர் வீட்டு இரட்டையரில் யார் எவன் என்று இனம் காண முடியவில்லை என்பதற்கும் அதே சொல். அப்பாவைப் பார்த்துவிட்டுப் பாதிரியார், “இந்தக் குளிர்காலம் மனுசனை ஒரு வழி பண்ணிருச்சு” என்றாரே, அதற்கும் அதுவே. கொல்லன் பெண்டாட்டி கெசியா தன் புருஷனை வாங்கு வாங்கென்று வாங்குவதற்கும் அதுவே. அவள் வாய்க்கு மட்டும் நீ தனி அகராதி போட வேண்டும்.

இன்னொன்று. அம்மாவின் நீல ஜாடியை நீ உடைத்தாய். பூனை உடைத்ததாக நான் சொன்னேன். காட்டிக்கொடுப்பதற்கும் ‘டெல்’தான் அல்லவா? அதற்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: ‘அக்கா அவனைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.’

உன் அக்கா,
ஹெஸ்டர்


பெல் சந்து
மே 6

அன்பு அக்கா,

அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை. என் கடிதம்தான் அவரைத் தள்ளிவிட்டதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நான் வருகிறேன். நீ ஏன் வேண்டாம் என்கிறாய்?

சீட்டுகள் பிரமாதம். லேன்யன் உரக்கப் படித்துச் சிரித்தார். ஆனால் யார் கொண்டுவந்தது என்று கேட்டார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. வயதாகிறது அவருக்கு.

கொஞ்ச நாளாக எல்லாரும் இப்படித்தான். அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் அம்மாள் மேசையைச் சுற்றி எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போகிறாள். கேட்டால், “அட, நீங்க இருக்கீங்களா?” என்கிறாள். நேற்றுக் குதிரை டிராமில் ஒரு தடித்த ஆசாமி வந்து நேராக என் மடியில் உட்கார்ந்துவிட்டான். எழுந்து நின்று, “இடம் காலியா இருந்துச்சே சார்” என்கிறான். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

ஒரு சந்தேகம். வீட்டில் யாராவது செத்தால் தேனீக்களிடம் போய் இழவு சொல்வோமே, அதற்கும் ‘டெல்’ தானே? அம்மா போனபோது நீ என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் போனதாகச் சொல்லியிருக்கிறாய். எல்லாவற்றையும் எழுதினவள் அதை மட்டும் எப்படி விட்டாய்?

உன் தம்பி,
ஆம்ப்ரோஸ்


ஆர்ல்கோட்
மே 9

ஆம்ப்ரோஸ்,

உன் கடிதம் காலையில் வந்தது, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, உண்மையைச் சொல்.

தேநீர்க்காரி எப்போதிலிருந்து உன்னைத் தாண்டிப் போகிறாள்? பிப்ரவரிக்கு முன்பா, பின்பா? டிராம் ஆசாமிக்கு முன் வேறு யாராவது அப்படிச் செய்தார்களா? விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. வெளியே போனால் யாரிடமாவது பேசிக்கொண்டே இரு. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்.

தேனீ விஷயம் மறந்துவிட்டது. பிறகு எழுதுகிறேன். இங்கே வராதே. கூடைகள் பக்கம் நீ வரவே கூடாது.

அக்கா


பெல் சந்து
ஜூலை 11

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

பிப்ரவரிக்குப் பின்தான். நீ கேட்டதும் யோசித்துப் பார்த்தேன். சரியாக எப்படிக் கேட்டாய்?

போன வாரம் அறைக்குத் திரும்பினால் சன்னலில் ‘அறை வாடகைக்கு’ என்ற அட்டை. வீட்டுக்கார அம்மாள் திருமதி குவிக் என் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “அம்மா, நான் இன்னும் போகலையே” என்றேன். வெகுநேரம் என்னைப் பார்த்தாள். தூரத்தில் வருகிற ஆளை யாரென்று பார்க்கிற மாதிரி. பிறகு, “ஐயோ, ஆமால்ல” என்று அழுதேவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவள் அவள், நான் அவளுக்குச் சொன்னேன்.

வைத்தியரிடம் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்தபடியே சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, கழுவிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன் அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. எப்போதும் குளிர்கிறது, ஜூலை மாதத்தில்.

உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நீ சொல்லாமல் விட்டதைச் சொல். நான் குழந்தை இல்லை.

ஆம்ப்ரோஸ்


ஆர்ல்கோட்
ஜூலை 15

என் கண்ணு ஆம்ப்ரோஸ்,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்று அப்பா அதை இரண்டு முறை படித்தார். பிறகு வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் சமையலறைச் சன்னலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு கூடையாகச் சாவியால் தட்டி, குனிந்து, “உங்க சின்ன எசமான் ஆம்ப்ரோஸ் செத்துட்டான்” என்றார். கறுப்புத் துணி கிழித்துக் கட்டினார். வாசலில் கேக் துண்டு வைத்தார், ஒயின் ஊற்றினார். எல்லாம் முறைப்படி. காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஹூம் என்று இரைந்தன. ஏற்றுக்கொண்டுவிட்டன.

உள்ளே வந்தவரிடம், “கோவத்துல செய்யுற காரியமாப்பா இது?” என்றேன். “எனக்கு அவன் செத்தவன்தான்” என்றார். எல்லா அப்பன்களும் வாயால் சொல்வதுதான். இவர் போய்த் தேனீயிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே மனசு கேட்கவில்லை அவருக்கு. பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லி வரச் சாவியோடு போனார். முதல் கூடையைத் தட்டி, “அன்னைக்குச் சொன்னது” என்று ஆரம்பித்தார். அங்கேயே விழுந்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பெயரைச் சொன்னால் கண்ணில் தண்ணீர் மட்டும் வருகிறது. அவரை வெறுக்காதே.

கெசியாவிடம் மட்டும் கேட்டேன். அவள் அம்மா வீட்டில் தலைமுறையாகத் தேனீ உண்டு. “சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதுடி. வாங்கப் போனா பேச்சைப் பிடுங்கிக்கும். செத்தது வேற ஆளு, பேரு மாறிப்போச்சுன்னு வேணா சொல்லலாம். ஆனா அதே வீட்டுப் பேருதான் வேணும். வெறுங்கையோட போனா ஒத்துக்காது” என்றாள். சாவி வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டுமாம்.

இதுதான் நான் விட்ட சீட்டு. உன் அகராதியில் சேர்த்துக்கொள்.

உன் ஹெஸ்டர்


பெல் சந்து
ஜூலை 20

அக்கா,

நலம் விசாரிக்கவும் தெம்பில்லை. படித்தேன். முதலில் சிரித்தேன். நான் படித்தவன், அச்சுக்கூடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன், வைக்கோல் கூடைக்குள் இருக்கும் பூச்சி என்னை என்ன செய்யும் என்று. பிறகு சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றேன். என்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பாவின் பெயரைச் சொல்லிவிடாதே. அவருக்கு வயதாகிவிட்டது, படுத்த படுக்கை, போனால் போகட்டும் என்று உனக்கு ஒரு கணம்கூடத் தோன்றக்கூடாது. என்னால்தான் இத்தனையும். அவர் பெயரில் நான் பிழைத்தால் அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம். அந்த வீட்டில் அவர் பெயரை விட்டால் வேறு பெயரும் இல்லை. ஆகையால் விட்டுவிடு. நடப்பது நடக்கட்டும்.

சாக எனக்கு இஷ்டம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. சொல் இன்னும் பாதிகூட முடியவில்லை.

உன் ஆம்ப்ரோஸ்


ஆர்ல்கோட்
ஜூலை 24

தம்பி,

நாங்கள் சுகம். அப்பாவும் சுகம்.

நீ பயப்பட வேண்டாம். அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. இன்று மத்தியானம், நல்ல வெயிலில், போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாக் கூடையும் இரைந்தன. இனி உனக்கு ஒன்றும் இல்லை.

யார் பெயர் என்று கேட்காதே. உன்னை நான் எப்போதாவது காட்டிக்கொடுத்திருக்கிறேனா? அப்படியென்றால் என்னையும் ஒன்றும் கேட்காதே.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


பெல் சந்து
செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பரம சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே?

என்ன செய்தாய் என்று தெரியவில்லை, ஆனால் நீ மந்திரக்காரி. உன் கடிதம் வந்த அன்று காலை படி இறங்கினால் திருமதி குவிக், “மிஸ்டர் பிடக், இப்படியா எலும்பும் தோலுமா இருப்பீங்க” என்று பன்றி இறைச்சியை இரட்டைப் பங்கு வைத்தாள். தேநீர்க்காரி முதலில் என்னிடம்தான் வருகிறாள். டிராமில் ஒருவன் என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். மிதிபட்டதற்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இருமல் போன இடம் தெரியவில்லை.

எந்தக் காலத்திலோ செத்த பெரிய தாத்தா பெயர் ஒன்றைச் சொல்லி ஏமாற்றிவிட்டாய், அப்படித்தானே? கெட்டிக்காரி. லேன்யன் ‘டெல்’லை வருஷக் கடைசிக்குள் அச்சுக்குக் கேட்கிறார். கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் வருகிறேன். சோம்பு விதைக் கேக் செய்து வை.

உன் ஆம்ப்ரோஸ்


ஆர்ல்கோட்
அக்டோபர் 8

கண்ணு ஆம்ப்ரோஸ்,

உனக்கு உடம்பு தேறிவிட்டது என்று படித்து அழுதேன். சந்தோஷ அழுகைதான். எனக்கும் ஒன்றும் இல்லை, கொஞ்சம் குளிர்கிறது.

ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறுவடை ரொட்டி கொடுத்தார்கள், என் வரிசையில் வந்தபோது பாதிரியார் கை அடுத்தவளுக்குப் போய்விட்டது. கடைக்காரர் நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. காசை வைத்துவிட்டு நானே சர்க்கரை அளந்துகொண்டு வந்தேன். நாய் குரைப்பதில்லை, வாலாட்டுவதும் இல்லை.

நேற்றுக் கெசியா வந்தாள். அப்பாவுக்கு எதிரில், என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாவம் இந்த மனுசன். பாத்துக்க ஒரு பொம்பளப் புள்ளகூட இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை.

அப்பாவுக்கு மட்டும் தெரிகிறது. இடது கையால் என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்.

அக்டோபர் ஆகிவிட்டது, சீக்கிரம் ஒரு வரி எழுது.

ஹெஸ்டர்


ஆர்ல்கோட்
நவம்பர் 21

ஆம்ப்ரோஸுக்கு,

நலமாக இருப்பாய். அச்சு வேலை அதிகம் என்று நினைக்கிறேன். கடிதம் வராததற்கு வேறு காரணம் இருக்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறபோது வாசலில் நின்று, “ஹெஸ்டர் அக்கா” என்று ஒரு தடவை கூப்பிடு. உரக்கக் கூப்பிடு. பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகிவிட்டது தம்பி. எனக்கே சில நேரம் மறந்துபோகிறது.

கேக் செய்து வைப்பேன்.

அக்கா


பெல் சந்து, பிரிஸ்டல்
டிசம்பர் 12, 1887

மதிப்புக்குரிய கெசியா அம்மாளுக்கு,

நலம். உங்கள் வீட்டிலும் கொல்லுப்பட்டறையிலும் எல்லாரும் நலம்தானே? என் அப்பாவைப் பற்றி அக்கறையோடு எழுதியதற்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை நினைத்து வியப்பாக இருக்கிறது. தனியாகக் கிடக்கிற மனிதர் வீட்டில் அடுப்பு தினமும் எரிகிறது, சட்டை துவைத்துக் காய்கிறது என்கிறீர்கள். இடது கையாலேயே செய்துகொள்கிறார் போலிருக்கிறது. பிடிவாதக்காரர். அவர் சாப்பாட்டு மேசையில் இன்னொரு தட்டையும் வைக்கச் சொல்லிக் காட்டுவது என்னை எதிர்பார்த்துத்தான். ஒரே பிள்ளை நான், இனியும் தனியே விடுவது தர்மம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து பிரிஸ்டலுக்கே கூட்டிவந்துவிடுகிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியை உங்களிடம் தருகிறேன்.

உங்களிடம் ஒரு உதவி. ‘டெல்’ என்ற சொல்லை நேற்று அச்சுக்குக் கொடுத்தேன். கட்டுகளைச் சரிபார்த்தபோது, நம் ஊர்ப் பேச்சு எழுதிய சீட்டுகள் கொஞ்சம் கிடைத்தன. நல்ல பெண் கையெழுத்து, பெயர் இல்லை. பட்டியில் ஆடு எண்ணுவது, மில்லர் வீட்டு இரட்டையர், உங்கள் வாயைப் பற்றிக்கூட ஒன்று இருக்கிறது, கோபிக்காதீர்கள். அதில் ஒரு சீட்டு: ‘அக்கா அவனைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.’ அதைப் படித்துவிட்டு ஏனோ வெகுநேரம் அழுதேன். திருமதி குவிக் என்னவென்று கேட்டாள், அடுப்புப் புகை என்றேன். அதை எழுதியவர் யாரென்று ஊரில் விசாரித்துச் சொன்னால் முன்னுரையில் நன்றி எழுதலாம். அக்கா என்று கையெழுத்திட்ட கடிதமும் ஒன்று வந்தது. எனக்கு அப்படி யாரும் இல்லாததால், முகவரி மாறி வந்ததென்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் தேன்கூடைகளில் இன்னும் கறுப்புத் துணி தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவிழ்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.

தங்கள் நலம் விரும்பும்,
ஆம்ப்ரோஸ் பிடக்